கட்டடம் வந்தது, நூலகர் வந்தாரா?

சிற்றூர் நூலகர்களுக்குத் தொழிற்பயிற்சி எப்போது வந்தது, எப்படி வந்தது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும், இது நூலகத் துறையினர் தங்கள் கருத்தரங்கில் பேசிக்கொள்ள வேண்டியதாயிற்றே, நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உங்கள் தாமானுக்குப் பக்கத்திலோ கம்பத்திலோ ஒரு சின்ன நூலகம் இருக்கிறது. உங்கள் பிள்ளை பள்ளிப் பாடத்துக்காக அங்கே போய்விட்டு வந்து, "ஒண்ணும் கிடைக்கலம்மா" என்று சொல்கிறது என்றால், இந்த வரலாறு உங்களுக்கும் உரியதுதான்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். எஃகுத் தொழிலில் பெரும் பணம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னெகி, அந்த நாட்டில் மட்டும் 1,600-க்கும் மேற்பட்ட பொது நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுத்தவர். அவற்றில் பெரும்பாலானவை சின்ன ஊர்களில் எழுந்தவை. நிபந்தனை எளிமையானது: ஊர் நிலம் தர வேண்டும்; கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரே நூலகத்துக்குச் செலவிட வேண்டும். கட்டடங்கள் அழகாக எழுந்தன. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்து வர ஆல்வின் ஜான்சன் என்ற பொருளியல் அறிஞரைக் கார்னெகி அறநிறுவனம் அனுப்பியது. அவர் சுமார் 100 ஊர்களுக்குப் போனார். 1916ஆம் ஆண்டு அறிக்கை கொடுத்தார். கட்டடம் இருக்கிறது, நூல்கள் போதவில்லை, நடத்துகிறவருக்குப் பயிற்சியே இல்லை என்பதுதான் அவர் கண்டதன் சாரம். இனிமேல் பணத்தைச் செங்கல்லில் போடாதீர்கள், நூலகர்களைப் பயிற்றுவிப்பதில் போடுங்கள் என்று அவர் பரிந்துரைத்தார்.

கார்னெகியின் செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராமுக்கு இது பிடிக்கவில்லை. நூலகத்தை நடத்துவது ஊரின் பொறுப்பு, அதில் நாம் தலையிடுவது கொடையாளரின் நோக்கத்துக்கே மாறானது என்று அவர் வாதாடினார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் 1917ஆம் ஆண்டோடு புதிய நூலகக் கட்டடங்களுக்குப் பணம் கொடுப்பது நிறுத்தப்பட்டது. பின்னர் அதே நிறுவனம் நூலகக் கல்வியை ஆராயும் பணியை வில்லியம்சன் என்பவரிடம் ஒப்படைத்து, 1923ஆம் ஆண்டு அவருடைய அறிக்கையை வெளியிட்டது. நூலகர் பயிற்சி பல்கலைக்கழகத்துக்குள் போக வேண்டும், அலுவலகக் குமாஸ்தா வேலையும் நூலகர் வேலையும் பிரிக்கப்பட வேண்டும் என்றது அது. பெரிய நகரத்துக்கு அது சரியான மருந்து. சின்ன ஊரில் குமாஸ்தாவும் அவர்தான், நூலகரும் அவர்தான், பெருக்கிக் கூட்டுகிறவரும் பல நேரம் அவர்தான். அவரைப் பாதியாகப் பிரிக்க முடியுமா?

சிற்றூரை மறக்காதவர்களும் அதே நாட்டில் இருந்தார்கள். மெல்வில் டியூயி 1887ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் உலகின் முதல் நூலகர் பள்ளியைத் திறந்தார். முதல் வகுப்பில் 20 பேர், அதில் 17 பேர் பெண்கள். பெண்களுக்கு இடமில்லாத கல்லூரி அது. வகுப்பறை தர மறுத்துவிட்டார்கள். ஒரு பழைய சாமான் அறையைச் சுத்தம் செய்து பாடம் நடத்தினார். இரண்டே ஆண்டில் பள்ளி அங்கிருந்து ஆல்பனிக்குப் பெயர்ந்தது. அதற்குப் பிறகு விஸ்கான்சின் மாநிலத்தில் 1895ஆம் ஆண்டு நூலக ஆணையம் ஒன்று அமைந்தது. அங்கே லூட்டி ஸ்டேர்ன்ஸ் என்ற அம்மையார் குதிரை வண்டியிலும், பனிக்காலத்தில் சறுக்கு வண்டியிலும் நூல் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மரம் வெட்டும் ஊர்களுக்கெல்லாம் போனார். அந்த ஆணையம் கோடையில் சிற்றூர் நூலகர்களை வரவழைத்துச் சில வாரங்கள் பாடம் சொல்லிக்கொடுத்தது. பட்டப்படிப்புக்குப் போக வசதி இல்லாதவருக்கு இந்தக் கோடைப் பள்ளிதான் கைகொடுத்தது. இந்தக் 'கோடைப் பள்ளி' என்ற சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது நம் பக்கத்துக்கும் வரப் போகிறது.

பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் 1906ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குப் போனபோது அங்குள்ள நூலகங்களைப் பார்த்தார். அதே ஆண்டு தம் நாடு முழுவதும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியவர் அவர். பள்ளியை விட்ட பிள்ளை படிக்க நூல் இல்லாவிட்டால் கற்ற எழுத்தும் மறந்துபோகும் என்பது அவருடைய கவலை. வில்லியம் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை 1910ஆம் ஆண்டு வரவழைத்தார். போர்டன் டியூயியின் பள்ளியில் விரிவுரை நிகழ்த்தியவர். அவர் 1911ஆம் ஆண்டு பரோடாவில் தொடங்கிய வகுப்புதான் இந்தியாவின் முதல் நூலகர் பயிற்சி வகுப்பு. கிராமம் ஒரு பங்கு பணம் திரட்டினால் வட்டார மன்றம் ஒரு பங்கு, அரசு ஒரு பங்கு என்று பரோடாவில் ஊர் நூலகங்கள் வளர்ந்தன. லாகூரில் 1915ஆம் ஆண்டு டிக்கின்சன் என்ற இன்னொரு அமெரிக்கர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் வகுப்பு நடத்தினார். ஆந்திரப் பகுதியில் அய்யங்கி வெங்கட ரமணய்யா போன்றவர்கள் 1914ஆம் ஆண்டிலேயே நூலகச் சங்கம் கண்டார்கள்.

இனிச் சென்னைக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 1924ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். நூலகவியல் என்று ஒன்று உண்டு என்பதே அப்போது அவருக்குப் பெரிதாகத் தெரியாது. வகுப்பறையில் பிள்ளைகளோடு பேசிப் பழகிய மனிதர், யாருமே வராத அறையில் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. சில நாள்களிலேயே, என்னைப் பழைய வேலைக்கே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். முதலில் இங்கிலாந்துக்குப் போய்ப் பயிற்சி பெற்று வாருங்கள், அதற்குப் பிறகும் சலிப்பாக இருந்தால் திரும்பி வரலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பி வைத்தார்கள்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 1919ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நூலகர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பெர்விக் சேயர்ஸ் என்பவர் ஆசிரியர். அவர் குரோய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவரும்கூட. ரங்கநாதன் குரோய்டனில் வேலை பழகினார், நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைகளும் பெண்களும் தொழிலாளர்களும் வந்து போகும் நூலகத்தை அவர் அங்கேதான் கண்டார். ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோதுதான், சில துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டிப் பலவற்றைச் செய்வது போல நூல்களையும் பகுக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. கோலன் பகுப்பு முறை அப்படிப் பிறந்து, 1933ஆம் ஆண்டு நூலாக வந்தது. நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் பொது நூலகங்கள் டியூயியின் எண்களைத்தான் பின்பற்றுகின்றன. அதனால் ரங்கநாதனின் பகுப்பு முறையை நம்மில் பலர் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டோம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று.

அவர் 1925ஆம் ஆண்டு திரும்பி வந்தார். மீண்டும் கணிதம் சொல்லிக்கொடுக்கக் கேட்கவில்லை. 1928ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டில்தான் அவர் தம் ஐந்து விதிகளை வகுத்தார். தம் பழைய கணிதப் பேராசிரியர் எட்வர்ட் ராஸிடம், நூலக வேலைக்கெல்லாம் அடிப்படையாகச் சில விதிகள் இருக்க வேண்டும், அது பிடிபடவில்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தபோது, முதல் விதியை ராஸ்தான் போகிற போக்கில் எடுத்துக் கொடுத்தார் என்பார்கள். நூல் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்பவை மற்ற நான்கு. அந்த ஆண்டு டிசம்பரில் சிதம்பரத்தில் கூடிய ஆசிரியர்கள் முன்னால் இந்த விதிகளை முதன்முதலாகச் சொன்னார். 1931ஆம் ஆண்டு அது ஆங்கிலத்தில் நூலாக வந்தது.

முதல் விதியை விளக்கும்போதே அவர் நூலகரைப் பற்றி நீளமாகப் பேசுகிறார். நூல் பயன்பட வேண்டுமானால் அதை எடுத்துக் கொடுக்கிறவருக்குப் படிப்பும் பயிற்சியும் வேண்டும், ஊதியமும் மரியாதையும் வேண்டும் என்று வாதாடுகிறார். நூலகர் என்றால் சாவி வைத்திருக்கும் காவலாளி என்று எண்ணிய காலம் அது. நூல் காணாமல் போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயந்தால், அலமாரியைப் பூட்டி வைக்கத்தானே எவருக்கும் தோன்றும்?

இந்த எண்ணத்தை மாற்றவே சங்கம் 1929ஆம் ஆண்டு கோடைப் பள்ளியைத் தொடங்கியது. பள்ளியும் கல்லூரியும் மூடியிருக்கும் கோடை விடுமுறையில், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் சென்னைக்கு வந்து கற்றுப் போகலாம். வேலையை விட வேண்டாம். விஸ்கான்சினில் பார்த்தோமே, அதே வழி. 1931ஆம் ஆண்டு பல்கலைக்கழகமே இந்தப் பள்ளியை ஏற்றுக்கொண்டது.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. உள்ளே நூல்கள். பொறியாளராக இருந்த எஸ். வி. கனகசபைப் பிள்ளை செய்த ஏற்பாடு அது. சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு அந்த வண்டி போய் நூல்களைக் கொடுத்து, பிறகு திரும்ப வாங்கி வந்தது. நான்கு ஆண்டு கழித்து ஆந்திரத்தில் பாத்தூரி நாகபூஷணம் கால்வாய் வழியே படகில் நூலகம் நடத்தினார். வண்டியும் படகும் படம் எடுக்க அழகானவை. அவற்றைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். வண்டியில் உட்கார்ந்திருந்த ஆள் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. எந்தக் கிராமத்துக்கு எந்த நூலை ஏற்றுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவதும் நூலகத்தின் கடமை என்று ரங்கநாதன் எழுதினார். அதற்குக் குரல் வேண்டும், பொறுமை வேண்டும், ஊரின் மனம் தெரிய வேண்டும். பகுப்பு எண் மட்டும் தெரிந்தால் போதாது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1937ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் கோடைச் சான்றிதழ் வகுப்பின் இடத்தில் பட்டதாரிகளுக்கான ஓராண்டு டிப்ளோமாவைக் கொண்டுவந்தது. ரங்கநாதன் பிறகு டில்லிக்குப் போய் அங்கே முதுகலைப் படிப்புக்கும் வழி செய்தார். தொழிலுக்கு மதிப்பு உயர்ந்தது. அவருடைய உழைப்பு இல்லாமல் இந்தியாவில் நூலகருக்கு ஆசிரியருக்குரிய தகுதி கிடைத்திருக்காது. தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரோடு ஆய்விருக்கை அமைத்த மனிதர் அவர். குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பட்டம் இல்லாத, வேலையை விட்டு ஓராண்டு சென்னையில் தங்க முடியாத ஊர்ப்புறத்து நூலகருக்கு அந்த மாடிப்படி எட்டாமல் போயிற்று. அமெரிக்காவில் வில்லியம்சன் அறிக்கைக்குப் பிறகு நேர்ந்தது போலவே இங்கும் நேர்ந்தது.

1948ஆம் ஆண்டு, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகி, மாவட்டம்தோறும் நூலக ஆணைக்குழு அமைந்தது. நூல் வாங்கவும் கட்டடத்துக்கும் நிரந்தர வருமானம் கிடைத்தது. மிகப் பெரிய சாதனை. இருந்தும் 2006ஆம் ஆண்டு என்ன நடந்தது பாருங்கள். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ்த் தமிழகத்தின் 12,600-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளில், ஊராட்சிக்கு ஒன்றாக நூலகம் கட்டத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது முடிந்தும் போயிற்று. நடத்துவதற்குச் சிறு மதிப்பூதியத்தில் உள்ளூர் ஆள். பின்னாளில் அவற்றில் பல பூட்டிக் கிடந்தன. மறுபடியும் செலவு செய்து புதுப்பிக்க வேண்டியதாயிற்று. ஆல்வின் ஜான்சனின் அறிக்கையை யாராவது ஒருவர் படித்திருக்கலாம். வெளியாகித் தொண்ணூறு ஆண்டு ஆகியிருந்தது!

இனி நம் பக்கம். மலாயாவில் 1955ஆம் ஆண்டு 'மலாயன் லைப்ரரி குரூப்' என்ற சிறு குழு கூடியது. மலேசியா, சிங்கப்பூர் இரு நாடுகளின் நூலகச் சங்கங்களுக்கும் அதுதான் வேர். அன்று இங்கே நூலகர் பள்ளி கிடையாது. வசதியும் உபகாரச் சம்பளமும் கிடைத்தவர்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள். மற்றவர்கள் பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று பிரிட்டிஷ் நூலகச் சங்கத்தின் தேர்வுக்குப் படித்தார்கள்.

அந்தப் பாடத்திட்டம் இங்கிலாந்துக்காக எழுதப்பட்டது. இங்கே அது எங்கே இடித்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். ஆங்கிலப் பெயரில் கடைசிச் சொல் குடும்பப் பெயர். அட்டவணையில் அதை முதலில் எழுதுவார்கள். அதே விதியை 'அகமட் பின் இஸ்மாயில்' என்ற ஆசிரியருக்குப் பொருத்தினால் அவருடைய நூல் அவர் தந்தையின் பெயரில் போய் உட்கார்ந்துவிடும். 'சுப்பிரமணியம் ஏ/எல் முனியாண்டி' என்பவருக்கும் அதே கதி. சீனப் பெயரிலோ குடும்பப் பெயர் முதலிலேயே வந்துவிடுகிறது. ஒரே அலமாரியில் மூன்று வழக்கம். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கும் இதை உள்ளூரில்தான் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நூல் இருக்கும், தேடுகிறவருக்குக் கிடைக்காது.

சிங்கப்பூரில் லீ கொங் சியான் 1953ஆம் ஆண்டு 375,000 வெள்ளி தர முன்வந்தபோது, நூலகம் இலவசமாக இருக்க வேண்டும், ஆசிய மொழி நூல்களுக்கு இடம் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். ஸ்டாம்ஃபர்ட் சாலைக் கட்டடம் 1960ஆம் ஆண்டு நவம்பரில் திறந்தது. தமிழ் நூல் வந்தால் தமிழ் தெரிந்த நூலகர் வேண்டுமே! அந்த ஆண்டே கிராமப்புறப் பிள்ளைகளுக்காக நடமாடும் நூலக வண்டியும் ஓடத் தொடங்கியது.

ஜொகூர் பாருவில் பிறந்து, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் பணியாற்றி, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இயக்குநராகப் பல ஆண்டு இருந்த ஹெட்விக் அனுவார் அம்மையாரை இரு நாடும் சொந்தம் கொண்டாடலாம். மலேசியாவில் பொது நூலகங்கள் எப்படி வளர வேண்டும் என்ற திட்ட வரைவை 1968ஆம் ஆண்டு எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அதே ஆண்டு மாரா தொழில்நுட்பக் கழகத்தில் நூலகவியல் பள்ளி தொடங்கியது. தொடக்கத்தில் அதுவும் பிரிட்டிஷ் தேர்வுக்கே மாணவர்களைத் தயார் செய்தது. பிறகு சொந்த டிப்ளோமா வந்தது. 1972ஆம் ஆண்டு தேசிய நூலகச் சட்டம், மாநிலம்தோறும் பொது நூலகக் கழகங்கள், 1987ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பு என்று படிகள் ஏறின. பின்னர் உட்புற வட்டாரங்களில் கிராம நூலகங்களும் வந்தன.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வாசகசாலை நினைவிருக்கும். பள்ளி ஆசிரியரோ, கிராணியோ, மன்றத்து இளைஞர் ஒருவரோ சாவியை வைத்திருப்பார். பயிற்சி ஒன்றும் கிடையாது. நூலின் மீது ஆசை மட்டும் உண்டு. அவர் மாற்றலாகிப் போனால் வாசகசாலையும் போய்விடும். எத்தனை நல்ல தமிழ் நூல்கள் அப்படி ஈரத்தில் கிடந்து கரையானுக்குப் போயின! அவற்றின் பட்டியல்கூட நம்மிடம் இல்லை. பட்டியல் போடக் கற்றுக்கொடுக்க இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளை யாரும் கொடுக்கவில்லை.

கிராம நூலகத்தில் இன்று உட்கார்ந்திருப்பவரிடம் நாம் எதிர்பார்ப்பது கொஞ்சமல்ல. கணினி தெரிய வேண்டும், பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டும், முதியவருக்குக் கைப்பேசியில் அரசாங்கப் பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும், பழைய நூலைப் பூஞ்சை பிடிக்காமல் காக்க வேண்டும். பயிற்சி வகுப்புகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இணையம் வழியாகவும் வகுப்புகள் உண்டு. கேள்வி மிகச் சாதாரணமானது. ஓர் ஆள் நடத்தும் நூலகத்தில், அந்த ஆள் மூன்று நாள் பயிற்சிக்குத் தலைநகருக்குப் போனால், அந்த மூன்று நாளும் கதவை யார் திறப்பது? மாற்று ஆள் இல்லையென்றால் பூட்டுத்தான். பயிற்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்த மாற்று ஆளின் சம்பளத்தையும் அதே கணக்கில் எழுதுகிறார்களா? விஸ்கான்சின் அம்மையார் செய்தது போலப் பயிற்சி கொடுப்பவரே ஊர் ஊராகப் போவது இங்கே நடக்கிற காரியமா? அடுத்துப் பேச வரும் நூலகத் துறை நண்பர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நேரம் ஆகிவிட்டது என்று நெறியாளர் கை காட்டுகிறார்.